தேஸே மாலை ஜெபம்: பிரசங்கம் இல்லாத ஒரு வாலிபர் கூடுகை

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், க்ளூனி நகரத்துக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வடக்கே, ஒரு சிறு குன்றின் மேல் தேஸே கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு கிறிஸ்தவத் துறவியர் குழு வாழ்கிறது. அவர்களுடைய ஆலயத்தில் இரவு 8.30க்கு மாலை ஜெபம். கோடையில் அந்த நேரத்திலும் வெளிச்சம் போயிருக்காது. மணிகள் அடிக்க ஆரம்பித்ததும் கூடாரங்களிலிருந்தும் தங்கும் கொட்டகைகளிலிருந்தும் வாலிபர்கள் கூட்டம் கூட்டமாக ஆலயத்துக்கு நடந்து வருவார்கள். நெரிசலான வாரங்களில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பிரசங்கம் கிடையாது. மேடை கிடையாது. முன்னால் நின்று கையசைத்துப் பாடல் நடத்த ஆள் கிடையாது. ஜெபம் முடிந்து, இனிப் போகலாம் என்ற பிறகும் பலர் எழுந்து போவதில்லை.

வாலிபர் கூடுகை நடத்தியவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்று தெரியும். செய்தியாளரை அழைத்து, பாட்டுக் குழுவைப் பழக்கி, சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்வோம். அப்படியும் ஆமென் சொன்ன மறு நிமிடம் செருப்பைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். அங்கே மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதைத்தான் இங்கே ஆராய்கிறேன். ஒரு கோடையில் நான் தேஸேயில் தன்னார்வலராக ஊழியம் செய்தேன். அப்போது என் பொறுப்பில் இருந்த ஒரு பகிர்வுக் குழுவையும், அந்த வாரத்து மாலைகளையும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். குழுவில் இருந்தவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

இடத்தின் பின்னணி

1940 ஆகஸ்டில், 25 வயது ரோஜர் என்ற சுவிட்சர்லாந்து வாலிபர் சைக்கிளில் இந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். பிரான்சின் பாதி அப்போது ஜெர்மானியர் கையில். இரண்டு பாதிகளையும் பிரிக்கும் கோடு இந்தப் பக்கத்தில்தான் போனது. அவர் வாங்கிய வீட்டில் போர் அகதிகளுக்கு இடம் கொடுத்தார். யூதர்களும் அவர்களில் இருந்தார்கள். 1942இல் ஜெர்மானிய இரகசியப் போலீசான கெஸ்டாபோ தேடியதால் வெளியேற வேண்டியதாயிற்று. 1944இல், தன்னோடு துறவு வாழ்வில் சேர்ந்த சில சகோதரர்களோடு திரும்பினார். 1949 ஈஸ்டரன்று ஏழு பேர் வாழ்நாள் முழுவதற்கும் வாக்குக் கொடுத்தார்கள்: மணமின்றி, சொத்தைப் பொதுவில் வைத்து, ஒன்றாக வாழ்வதென்று. இன்று புராட்டஸ்டன்ட் சபைகளிலிருந்தும் கத்தோலிக்கத்திலிருந்தும், ஏறக்குறைய 30 நாடுகளிலிருந்தும் வந்த சகோதரர்கள் அங்கே இருக்கிறார்கள். தங்களுக்கென்று யாரிடமும் நன்கொடை வாங்குவதில்லை. மட்பாண்டம் செய்தும் புத்தகம் பதிப்பித்தும் சொந்த உழைப்பில் சாப்பிடுகிறார்கள்.

வாலிபர்களை இழுக்க வேண்டும் என்று திட்டம் போட்டு ஆரம்பித்த இடம் அல்ல இது. சகோதரர்கள் தங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள், வாலிபர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். 1950களின் கடைசியில் வரத் தொடங்கியவர்கள் 1960களில் பெருகினார்கள். 1962இல் ஒப்புரவு ஆலயம் கட்டி முடிந்தது. போரில் ஜெர்மனி செய்ததற்குப் பரிகாரமாக ஜெர்மானிய வாலிபர்கள் வந்து கைவேலை செய்து கட்டிய ஆலயம் அது. கட்டும்போது இவ்வளவு பெரிய ஆலயம் எதற்கு என்று சகோதரர்களுக்கே தயக்கம் இருந்ததாம். பத்து வருடம்கூட ஆகவில்லை, இடம் போதவில்லை. 1971 ஈஸ்டருக்கு ஆலயத்தின் ஒரு பக்கச் சுவரை இடித்து, பெரிய கூடாரம் ஒன்றை அதோடு சேர்த்துக் கட்டினார்கள்.

அந்தச் சுவர் இடிப்பைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வாலிபர்கள் வரவேண்டும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். வந்தவர்களுக்காகக் கட்டி ஒன்பதே வருடமான ஆலயத்தின் சுவரை உடைக்க எத்தனை சபைக் கமிட்டிகள் கையெழுத்துப் போடும்?

சுவரைவிடப் பெரிய மாற்றம் பாட்டில் வந்தது. அதுவரை சகோதரர்கள் பிரெஞ்சில் சங்கீதங்களைப் பாடி ஜெபித்தார்கள். ஸ்பெயினிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த வாலிபர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடிந்தது. 1970களின் நடுவில் பாரிஸ் நகர ஆலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்துவந்த ஜாக் பெர்த்தியே (1923–1994) என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து புதுவகைப் பாடல்களை உருவாக்கினார்கள். ஒன்று அல்லது இரண்டு வரி. அதையே திரும்பத் திரும்ப, நான்கு குரலில் பாடுவது. முதலில் பல பாடல்கள் லத்தீனில் இருந்தன. அது யாருக்கும் தாய்மொழி இல்லை என்பதால் யாருக்கும் சலுகையும் இல்லை. பிறகு மொழிகள் கூடின. இந்தப் பாடல்களால்தான் முதல் நாள் வந்தவர்கூட மூன்றாவது சுற்றில் பாட ஆரம்பித்துவிடுகிறார்.

மாலையின் நடை

ஆலயத்துக்குள் பெஞ்சு மிகக் குறைவு. தரைவிரிப்பில் உட்கார வேண்டும். நடுவில் நீளமாக ஓர் இடம் சகோதரர்களுக்கு. வெள்ளை அங்கியில் வந்து, எல்லோரையும் போலவே முன்பக்கம் பார்த்து முழங்காலில் இருப்பார்கள். முன்னால் நெருப்பு நிறத்துத் துணிகள் மேலிருந்து சரிந்து தொங்கும். அவற்றின் அடியில் செங்கல் கட்டிகளுக்குள் மெழுகுவர்த்திகள் எரியும். யாரும் “இப்போது இந்தப் பாடலைப் பாடுவோம்” என்று அறிவிப்பதில்லை. சுவரில் இருக்கும் பலகையில் பாடல் எண் ஒளிரும், கையிலிருக்கும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பாடல்கள், ஒரு சிறிய வேதவாசிப்பு, அதுவும் பல மொழிகளில். அப்புறம் மௌனம். ஏறக்குறைய எட்டு, பத்து நிமிடம் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் இது தாங்க முடியாத நீளமாக இருக்கும். இருமுவார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். புதன்கிழமை வாக்கில் இருமல் சத்தம் குறைந்துவிடும். மௌனத்துக்குப் பின் மன்றாட்டுகள், மறுபடி பாடல்கள்.

வாரம் ஒரு பாதைபோலப் போகும். வெள்ளி இரவு சிலுவையைச் சுற்றிய ஜெபம். வரைந்த சிலுவை ஒன்றைத் தரையோடு தாழ்வாகக் கிடத்திவைப்பார்கள். விரும்புகிறவர்கள் முழங்காலிலேயே நகர்ந்து வந்து, மரத்தின்மேல் நெற்றியை வைத்து ஜெபிப்பார்கள். எல்லோரும் வந்து முடிய நேரமாகும், அதுவரை பாட்டு நிற்காது. சனி இரவு உயிர்த்தெழுதலின் ஒளி. ஆளுக்கொரு மெழுகுவர்த்தி, ஒருவர் திரியிலிருந்து அடுத்தவர் திரிக்கு. ஞாயிறு காலை நற்கருணை, அதன்பின் பெரும்பாலோர் பஸ் ஏறுவார்கள். பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் இப்படி வாராவாரம் நடக்கின்றன.

ஜெபம் முடிந்ததும் சகோதரர்கள் சிலர் ஆலயத்துக்குள்ளேயே ஆங்காங்கே நின்றுகொள்வார்கள். பேச விரும்புகிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பேசலாம். ஒரு சிலர் சுற்றி உட்கார்ந்து பாடலைத் தொடர்வார்கள். மற்றவர்கள் ஓயாக் என்ற சிறு கடைப் பக்கம் போய் கிட்டார், அரட்டை, நடனம் என்று இருப்பார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அங்கேயும் அமைதி. ஓயாக்கிலிருந்து பிள்ளைகளைப் படுக்கப் போகச் சொல்வது தன்னார்வலர் வேலை. சிரித்த முகத்தோடு, எந்த மொழியிலாவது, பிடிவாதமாகச் சொல்ல வேண்டும்.

என் பொறுப்பிலிருந்த குழு

பல வாரம் தங்கி வேலை செய்பவர்களை அங்கே பெர்மனன்ட் என்று கூப்பிடுவார்கள். இருபதுகளில் இருக்கும் இவர்கள்தான் வரவேற்பு, சமையல், துப்புரவு எல்லாவற்றையும் ஓட்டுகிறார்கள். ஆண்களுக்கு ஒரு சகோதரர் துணையிருப்பார். பெண்களுக்கு அருட்சகோதரிகள். 1960களிலிருந்தே பக்கத்துக் கிராமத்தில் தங்கி இந்த வரவேற்பில் கைகொடுக்கும் புனித அந்திரேயா சபைச் சகோதரிகள் அவர்களில் முக்கியமானவர்கள். ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்கலாம் என்பதால் நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் அந்தக் கணக்குக்குள் தங்க வேண்டும்.

காலையில் ஒரு சகோதரர் வேதப்பகுதி ஒன்றை அறிமுகம் செய்வார். பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து பேச வேண்டும். அந்த வாரம் என் குழுவில் போலந்துப் பெண் இருவர், போர்ச்சுகலிலிருந்து நண்பர்களாக வந்த இருவர், பள்ளி முடித்த ஒரு ஜெர்மன் பையன், ஒரு தென்கொரியர், பாரிஸில் பிறந்து வளர்ந்த ஓர் ஈழத்தமிழ்த் தங்கை. பொதுமொழி ஆங்கிலம்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் குழு நொண்டியது. ஆங்கிலம் நன்றாக வந்த ஜெர்மன் பையன் பேசினான். போர்ச்சுகல் நண்பர்களில் ஒருவர் பதில் சொன்னார். மற்றவர்கள் புன்னகைத்துத் தலையாட்டினார்கள். எல்லா வாலிபர் குழுக்களிலும் நடப்பதுதான். சரளமாகப் பேசுகிறவரின் கருத்து மெல்ல மெல்லக் குழுவின் கருத்தாகிவிடும். மாலை ஜெபத்துக்கும் ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்தார்கள்.

புதன்கிழமை எம்மாவூருக்கு நடந்துபோன இரண்டு சீடர்களைப் பற்றிய பகுதி. எப்போது உங்களுக்கு ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது என்பது கேள்வி. நீளமான மௌனம். அந்தத் தங்கை என் பக்கம் திரும்பி, “அண்ணா, நான் தமிழிலயே கதைக்கட்டோ? நீங்கள் மற்றாக்களுக்கு இங்கிலீசில சொல்லிவிடுங்கோ” என்றாள்.

அவள் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தமிழ்ப் பூசைக்குப் போனால் பிரெஞ்சுக்காரியாகவும் பிரெஞ்சுப் பூசைக்குப் போனால் தமிழ்ப் பெண்ணாகவும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்துப் பலதும் சொன்னாள். மீதியை இங்கே எழுதவில்லை, அது அவளுடையது. நான் துண்டு துண்டாக ஆங்கிலத்தில் சொன்னேன். சில இடங்களில் எனக்கு வார்த்தை கிடைக்காமல் நின்றபோது அவளே பிரெஞ்சில் எடுத்துக்கொடுக்க, போர்ச்சுகல் நண்பர் அதை ஆங்கிலமாக்கினார். முடித்ததும் போலந்துப் பெண்களில் ஒருத்தி, இரண்டு நாளாக வாயே திறக்காதவள், தன் மொழியில் பேச ஆரம்பித்தாள். அவள் தோழி மொழிபெயர்த்தாள். கொரிய நண்பருக்கு அந்தக் குழுவில் மொழி தெரிந்தவர் யாரும் இல்லை. அவர் கொரிய மொழியில் ஒரு நிமிடம் பேசிவிட்டு, பிறகு தானே சிரமப்பட்டு ஆங்கிலத்தில் சுருக்கிச் சொன்னார். முதல் ஒரு நிமிடத்தில் அவர் குரலே வேறாக இருந்தது.

அதன்பின் மீதி நாட்களுக்கு அதுவே குழுவின் ஒழுங்காயிற்று: முதலில் சொந்த மொழி, பிறகு மொழிபெயர்ப்பு. இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. பகுதியில் பாதிதான் பேசி முடித்தோம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. சரளமாகப் பேசிய பையனுக்கும் காத்திருக்கும் முறை வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஜெர்மன் பையன் வாரம் முழுக்க ஜெபம் முடிந்த கையோடு ஓயாக்குக்கு ஓடினான், ஒரு நாள்கூட நின்றதில்லை. போலந்துப் பெண்களில் இன்னொருத்தி வியாழனன்று, மீதி நாட்களை மௌனத்தில் கழிக்கும் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். குழு அவளுக்கு ஒத்துவரவில்லை. இரண்டுக்கும் அங்கே இடம் இருந்தது. யாரும் அவர்களைத் தேடிப்பிடித்து உட்கார வைக்கவில்லை.

என்ன வேலை செய்தது

எனக்குத் தெரிந்தவரை மாலையைத் தாங்கிப் பிடிப்பது மாலைக்கு முந்தைய பகல். அந்தக் குழுவுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் கழுவும் முறை. தேஸேயில் சாப்பாடு மிக எளிமை. ஒரு தட்டு, தேநீருக்கு ஒரு கிண்ணம், எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டி. ஆயிரக்கணக்கான கிண்ணங்களைப் பெரிய தொட்டிகளில் முக்கி, அலசி, அடுக்க வேண்டும். ஒருவர் சோப்புத் தண்ணீரில் கழுவ, அடுத்தவர் அலச, மூன்றாமவர் துடைக்க, இதில் மொழி தேவைப்படவில்லை. கொரிய நண்பர்தான் அடுக்கும் வேகத்தை நிர்ணயித்தார். முந்தின இரவு ஜெபத்தில் கேட்ட பாட்டை யாரோ முணுமுணுக்க, தொட்டியைச் சுற்றி நான்கு குரலும் சேர்ந்துவிடும். ஈரக் கையோடு, ஏப்ரனைக் கழற்றிவிட்டு, மணிச் சத்தத்துக்கு ஒன்றாக ஆலயத்துக்கு ஓடினோம். புதன் இரவிலிருந்து ஒரே இடத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.

வேலையை அங்கே கௌரவத்துக்காகக் கொடுப்பதில்லை. அவர்கள் கழுவாவிட்டால் காலையில் கிண்ணம் இருக்காது, அவ்வளவுதான். நம் கூடுகைகளில் வாலிபர்களுக்கு ஜெபம் சொல்லவும் வேதம் வாசிக்கவும் வாய்ப்புக் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் அவர்கள் வராவிட்டாலும் நிகழ்ச்சி நடந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். தேஸேயில் அப்படி இல்லை. ஆலயக் கதவில் “மௌனம்” என்று பல மொழிகளில் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதும், கழிப்பறை சுத்தம் செய்வதும் இருபது வயதுப் பிள்ளைகள்தான். வந்த மறுநாளே அவர்கள் விருந்தாளி இல்லை.

அடுத்தது பாடல். வெளிநாட்டில் ஊழியம் செய்கிறவருக்குப் பெரிய கஷ்டம், தன் மொழியில் ஜெபித்தால் தான் மட்டும், அடுத்தவர் மொழியில் ஜெபித்தால் பாதி மனம். ஒரே வரியை இருபது முறை பாடும்போது முதல் ஐந்து முறை உச்சரிப்பில் போகும். அதன்பின் வாய் பழகிவிடும், மனசுக்கு வேலை வரும். நமக்கு இது அந்நியமும் இல்லை. நாமாவளியும் பல்லவியும் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. ஆறு சரணமுள்ள கீர்த்தனைகள் எனக்கு உயிர். ஆனாலும், மொழி கலந்த வாலிபர் கூட்டத்தில் முதல் பாட்டாக அவற்றை வைக்கக்கூடாது என்பது என் கருத்து.

மூன்றாவது, மௌனத்தை யாரும் விளக்குவதில்லை. இப்போது கண்களை மூடுங்கள், ஆண்டவர் உங்களோடு பேசுவார் என்றெல்லாம் சொல்லி வழிநடத்துவதில்லை. இதைத்தான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். தங்களை யாரோ ஏதோ ஓர் இடத்துக்கு நகர்த்துகிறார்கள் என்பதை இருபது வயதுக்காரர்கள் சட்டென்று கண்டுகொள்வார்கள். உணர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போய் அர்ப்பணிப்பு அழைப்பில் முடிக்கும் இரவுகள் பலவற்றில் நானும் இருந்திருக்கிறேன். அவற்றில் உண்மையாகத் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் மறுவாரம் முகம் கொடுக்க வெட்கப்பட்டு வராமல் போனவர்களும் உண்டு. தேஸேயின் மௌனம் யாரையும் ஒன்றும் செய்யச் சொல்வதில்லை. அதனால் அதில் யாரும் தோற்பதும் இல்லை.

கடைசியாக, நேரம். ஜெபம் முடிந்தபின் சகோதரர்கள் நிற்கிறார்கள் என்றேனே, அது வெறும் பழக்கம் இல்லை. அந்த ஏற்பாடு முழுவதும் அதற்காக வழிவிடுகிறது. விளக்கை அணைக்க யாரும் வருவதில்லை. பாட்டுத் தொடர்வதால், பேச நிற்பவர் எல்லோரும் பார்க்க வரிசையில் நிற்கும் கூச்சமும் இல்லை. மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் ஓரமாகப் போய் உங்கள் பாரத்தைச் சொல்கிறீர்கள். வெள்ளி இரவு எங்கள் குழுவில் ஐந்து பேர் சிலுவையிடம் போய் வந்தபின் நள்ளிரவு நெருங்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். தங்கை எழுந்துபோய் ஒரு அருட்சகோதரியிடம் வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று யாரும் கேட்கவில்லை.

இந்தத் திறந்த கதவின் விலை

இப்படித் திறந்துவைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. தேஸே அதைப் பட்டே கற்றது. 2005 ஆகஸ்ட் 16 அன்று இதே மாலை ஜெபத்தின் நடுவில், கூட்டத்திலிருந்த மனநலம் குன்றிய ஒரு பெண் சகோதரர் ரோஜரைக் கத்தியால் குத்தினார். 90 வயதில், ஜெபத்துக்கு வந்த ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அவர் உயிர் பிரிந்தது. தனக்குப் பின் குழுவின் தலைவர் சகோதரர் அலோய்ஸ் என்று அவர் முன்பே குறித்திருந்தார். மறுநாளும் மணி அடித்தது. ஜெபம் நடந்தது.

இன்னொன்று வேறு வகை. 2019 ஜூனில் அலோய்ஸ், 1950களுக்கும் 1980களுக்கும் இடையே சகோதரர்கள் சிலர் சிறார்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டது பற்றிய சாட்சியங்கள் தங்களுக்கு வந்திருப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். அரசு வழக்கு அதிகாரிக்கும் தகவல் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பேச முன்வரும்படி கேட்டுக்கொண்டார்கள். இதை எழுதாமல் தேஸேயைப் புகழ்ந்துவிட்டுப் போவது சரியாகாது. பாரத்தைச் சொல்ல வரும் பிள்ளையும், மரியாதைக்குரிய பெரியவரும், இரவு நேரமும் ஒன்றுசேரும் இடத்தில், நம்பிக்கை ஒன்றையே காவலாக வைக்கக்கூடாது. பேச்சு எல்லோரும் பார்க்கும் இடத்தில் நடக்க வேண்டும். பெண் பிள்ளைகள் பெண்களிடம் பேச வழி வேண்டும். புகார் சொல்ல, அந்தச் சபைக்கு வெளியேயும் ஒருவர் இருக்க வேண்டும், அவர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் சபைகளில் இதைப் பற்றிப் பேசினாலே ஊழியக்காரரைச் சந்தேகப்படுகிறாயா என்கிறார்கள். நல்ல ஊழியக்காரருக்கு இதனால் ஒரு குறையும் வராது.

வாரம் முடிந்தபின்

ஆலோசனைகளுக்குப் போகுமுன் இந்த ஆய்வின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். அந்த மாலை ஒரு வாரத்துக்கானது. கேம்பஸ், வேலை, வாடகை எதுவும் இல்லாத வாரம். 1986 அக்டோபரில் அங்கு வந்த போப் இரண்டாம் ஜான் பால், ஊற்றருகே நின்று தாகம் தீர்த்துக்கொண்டு பயணத்தைத் தொடர்வதுபோல மக்கள் தேஸேயைக் கடந்துபோகிறார்கள் என்றார். சகோதரர்களும் அதையே விரும்புகிறார்கள். தேஸே இயக்கம் என்று ஒன்றை அவர்கள் தொடங்கவில்லை. உறுப்பினர் அட்டை இல்லை, கிளைகள் இல்லை. வந்தவர்களை அவரவர் சபைக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

அதற்குப் பதில் அவர்களே வெளியே போகிறார்கள். 1978 முதல் ஆண்டு முடிவில் ஐரோப்பிய நகரம் ஒன்றில் ஆயிரக்கணக்கான வாலிபர்களைக் கூட்டுகிறார்கள். 2023இல் ஸ்லோவேனியாவின் லூப்லியானா, 2024இல் எஸ்டோனியாவின் தாலின். வருகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ச் சபை வீடுகளில் தங்குவார்கள். நம் சென்னைக்கும் அவர்கள் வந்திருக்கிறார்கள், 1985 இறுதியிலும் 1988 இறுதியிலும், மெட்ராஸ் என்று இருந்த காலத்தில். பல கண்டங்களின் வாலிபர்கள் கூடிய அந்தக் கூட்டங்களை நம் சபைகளில் இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று நான் ஆதங்கப்படுவதுண்டு. வெளிநாட்டிலிருந்துதான் இதைக் கற்க வேண்டும் என்பதில்லை, நம் ஊருக்கே வந்திருக்கிறது.

தேஸேயை அப்படியே எடுத்து வளைகுடாவிலோ டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒரு தமிழ்ச் சபையில் வைக்க முடியாது. நெருப்பு நிறத் துணியையும் மெழுகுவர்த்தியையும் மட்டும் எடுத்துக்கொண்டு “தேஸே நைட்” என்று போஸ்டர் அடிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. எடுக்கக்கூடியவை வேறு. கூடுகை முடிந்ததும் பாத்திரமும் கூடமும் வாலிபர் பொறுப்பு என்று உண்மையாகவே விட்டுவிடலாம். அத்தைமார் பின்னால் வந்து மறுபடி கழுவக்கூடாது. குழுவில் பேசும்போது, தமிழ் தடுமாறும் பிள்ளை அந்த ஊர் மொழியிலும், புதிதாக ஊரிலிருந்து வந்த பிள்ளை தமிழிலும் முதலில் பேசட்டும். பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்க்கட்டும். தமிழ் பேசு என்று அங்கேயும் பாடம் எடுக்க வேண்டாம், அதற்கு ஞாயிறு பள்ளி இருக்கிறது. மௌனத்தை மூன்று நிமிடத்தில் ஆரம்பிக்கலாம். கீபோர்டு வாசிப்பவர் அந்த நேரத்தில் மெல்லிசை போடாமல் இருக்க முன்பே சொல்லிவைக்க வேண்டும், பழக்கத்தில் கை போய்விடும்.

நேரம்தான் கஷ்டம். வெளிநாட்டுத் தமிழ்ச் சபைகளில் பல, வேறு சபையின் கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் கூடுகின்றன. அடுத்த குழு வாசலில் நிற்கும்போது யார் உட்கார்ந்திருக்க முடியும்? அதனால் இரண்டு மணி நேரம் கூடம் கிடைக்குமானால், ஜெபத்தையும் பகிர்வையும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். மீதி முக்கால் மணி நேரத்துக்கு எதையும் வைக்காமல், போதகரும் மனைவியும் இன்னும் இரண்டு மூன்று மூத்தவர்களும் ஆளுக்கொரு பக்கமாக நிற்கட்டும். யாராவது இரண்டு பேர் பாடிக்கொண்டிருக்கட்டும். கடைசிப் பத்து நிமிடம் வரும்வரை நாற்காலி அடுக்க ஆரம்பிக்க வேண்டாம்.